லண்டனில் மாணவர் அறை: வாடகையைப் பார்க்கும் முன் வாரங்களை எண்ணுங்கள்

செப்டம்பரில் லண்டன் வரப்போகிற பிள்ளைகள் நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அண்ணா, ஒரு ஹாலில் வாரம் 270 பவுண்டு, இன்னொன்றில் 240. எதை எடுக்கலாம்?" தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். (ஹால் என்றால் இங்கே மாணவர் தங்கும் விடுதி.)

முதலில் எத்தனை வார ஒப்பந்தம் என்று பாருங்கள். 270 பவுண்டு அறை 40 வாரத்துக்கு என்றால் வருடச் செலவு 10,800. 240 பவுண்டு அறை 51 வாரத்துக்கு என்றால் 12,240. மலிவு என்று நினைத்தது 1,440 பவுண்டு கூடுதல். அதற்காக 40 வாரமே நல்லது என்றும் சொல்ல முடியாது. இளங்கலை மாணவர்கள் ஜூனில் பெட்டியைக் கட்டிவிடலாம். ஒரு வருட மாஸ்டர்ஸ் படிப்பவர்களுக்கு ஆய்வறிக்கை எழுதும் காலமே கோடைதான். 40 வார அறையை எடுத்துவிட்டு ஜூலையில் நூலக வாசலில் சூட்கேஸோடு நின்றவர்களை எனக்குத் தெரியும். படிப்பு முடியும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

இங்கே அறை கிடைக்கும் வழி மூன்று: பல்கலைக்கழகத்தின் சொந்த ஹால், தனியார் கட்டி நடத்தும் மாணவர் விடுதி, நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வீடு. முதல் வருடத்துக்கு என்னைக் கேட்டால் பல்கலைக்கழக ஹால்தான். ஆடம்பரம் இருக்காது, சில கட்டடங்களில் கழிவறையைக்கூடப் பகிர வேண்டியிருக்கும். ஆனால் ஏதாவது ஒன்று என்றால் போய்ப் பேச ஓர் அலுவலகம் இருக்கும், அதே பல்கலைக்கழகம்தான் உங்கள் விசாவுக்கும் ஸ்பான்சர். பலருக்குத் தெரியாத இன்னொரு லாபமும் உண்டு. விசாவுக்காக வங்கியில் காட்டும் வாழ்க்கைச் செலவுத் தொகையில், ஸ்பான்சருக்குத் தங்குமிடத்துக்காக ஏற்கெனவே கட்டிய பணத்தை ஒரு வரம்பு வரை கழித்துக்கொள்ளலாம். தனியார் விடுதிக்குக் கட்டிய அட்வான்ஸுக்கு இந்தச் சலுகை இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரியில் இடம் கிடைத்தவர்கள் புளூம்ஸ்பரி பக்கம் இருக்கும் பொது ஹால்களையும் பாருங்கள். கன்னாட் ஹால், இன்டர்நேஷனல் ஹால், கார்டன் ஹால்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியவை அல்ல.

தனியார் விடுதியில் ஜிம், சினிமா அறை, மொட்டைமாடி எல்லாம் புகைப்படத்தில் ஜொலிக்கும். ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்பி வருமா, எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும்? நடுவில் விலகினால் என்ன ஆகும்? பெரும்பாலும் உங்கள் இடத்துக்கு வேறொரு மாணவரை நீங்களே பிடித்துக் கொடுக்கும்வரை வாடகை ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது, பிரிட்டனில் வசிக்கும் ஜாமீன்தாரர் கேட்கிறார்களா? ஆள் இல்லாதவர்களிடம் பெரிய தொகையை முன்பணமாகக் கேட்பது வழக்கம். கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்கள் உண்டு. சில பல்கலைக்கழகங்கள் தங்களுடைய மாணவர்களுக்குத் தாங்களே ஜாமீன் நிற்கின்றன. முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள், காசு மிச்சம்.

இனி வீட்டுக் கதை. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள், நானும் பட்டிருக்கிறேன். வந்த புதிதில் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலம் கிழக்கு லண்டனில் ஓர் அறை. நாலு மெத்தை, ஒரு ஜன்னல். வாடகை ரொக்கமாக, ரசீது கிடையாது. "நம்ம பசங்கதானே, எதுக்குத் தம்பி பேப்பரெல்லாம்" என்றார் வீட்டைப் பிடித்து வைத்திருந்தவர். அந்த முகவரிக்குக் கடிதம் வரக்கூடாது என்பதும் அவருடைய நிபந்தனை. முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு இழுத்துக்கொண்டே போனது, மருத்துவரிடம் பதிவு செய்வதையும் தள்ளிப்போட்டேன். மூன்று மாதம் கழித்துக் கிளம்பியபோது அட்வான்ஸைப் பற்றிக் கேட்டேன். போனை எடுக்கவே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த 5 பேரோ அதற்கு மேலோ சமையலறை, கழிவறையைப் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு கவுன்சிலின், அதாவது உள்ளூர் நகராட்சியின், உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற வீட்டில் ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர், இருவர் என்றால் 10.22. வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவு என்றால் டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட்டு, விவரத்தை உங்களிடம் தர வேண்டும். 2026 மே 1 முதல் இப்படிப்பட்ட தனியார் வீடுகளில் ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முன்கூட்டிக் கேட்கவும் முடியாது. "ஆறு மாதம் மொத்தமாகக் கொடு" என்று யாராவது சொன்னால் அவருக்குப் புதுச் சட்டம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கவனியுங்கள். வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்து, சமையலறையை உங்களோடு பகிர்ந்தால் நீங்கள் வாடகைதாரர் அல்ல, லாட்ஜர். தமிழ்க் குடும்பத்தோடு ஓர் அறை என்பது பெரும்பாலும் இதுதான். நல்ல மனிதர்களாக வாய்த்தால் காய்ச்சல் வரும்போது ரசம் கிடைக்கும். ஆனால் டெபாசிட் பாதுகாப்பு இந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தாது, குறுகிய அவகாசத்தில் காலி செய்யவும் சொல்லலாம். தவறு இல்லை, தெரிந்துகொண்டு போங்கள். அட்வான்ஸைக் குறைவாகக் கொடுங்கள், வங்கி வழியாகக் கொடுங்கள்.

எந்தப் பகுதி? "ஈஸ்ட் ஹாம் போய்விடலாம், கோயிலும் கடையும் பக்கம்" என்று எல்லோரும் சொல்வார்கள். கல்லூரி மைல் எண்டில் என்றால் சரி, டிஸ்ட்ரிக்ட் லைன் மெட்ரோ ரயிலில் நேரே ஆறாவது ஸ்டேஷன். ஹாரோவில் கல்லூரி என்றால் தினமும் நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும். நம் கடைகள் வெம்பிளி, டூட்டிங், ஹாரோ, இல்ஃபோர்டு பக்கமெல்லாம் உண்டு. கல்லூரிக்கு எந்த லைன் போகிறதோ அதில் வீடு தேடுங்கள், தோசைமாவு வாரம் ஒருமுறை வாங்கினால் போதும். மாணவர் ஆய்ஸ்டர் அட்டை (லண்டன் ரயில், பஸ்ஸில் தட்டிப் போகும் பயண அட்டை) 30 சதவீதம் தள்ளுபடி தருவது டிராவல்கார்டு என்கிற ரயில்-பஸ் பாஸுக்கும் தனி பஸ் பாஸுக்கும்தான். ஒவ்வொரு முறையும் தட்டிவிட்டுப் போகிற டிக்கெட்டுக்கு அல்ல. வாரம் மூன்று நாள்தான் வகுப்பு என்றால் பாஸ் நஷ்டமாகவும் முடியலாம், கணக்குப் போட்டு வாங்குங்கள். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் ஒரே கட்டணம்.

கவுன்சில் டாக்ஸ், அதாவது குடியிருக்கும் வீட்டுக்கு கவுன்சில் போடும் வரி, பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் கிடையாது. பல்கலைக்கழகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கி கவுன்சிலுக்கு அனுப்பினால் போதும். படிப்பு முடித்து வேலைக்குப் போகிற அண்ணன் ஒருவர் கூட இருந்தால் வீட்டுக்கு பில் வரும், 25 சதவீதம் தள்ளுபடியோடு. அதை யார் கட்டுவது என்பதைக் குடியேறும் முன்பே பேசிவிடுங்கள். பில் கையில் வந்த பிறகு பேசினால் நட்பு மிஞ்சாது.

அப்புறம் சமையலறை. ஹாலில் ஐந்தாறு பேருக்கு ஒன்று. ஃபிரிட்ஜில் உங்களுக்கு ஒரு தட்டு, ஃப்ரீசரில் பாதி இழுப்பறை, அவ்வளவுதான். இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் அலுமினிய குக்கர் சுடாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரத்தை மட்டும் கொண்டுவாருங்கள். தாளிப்பு இங்கே தனிக் கலை. பெரும்பாலான கட்டடங்களில் சமையலறைக்குள் வெப்பத்தை உணரும் கருவியும், வெளி நடையில் புகையை உணரும் கருவியும் இருக்கும். மிளகாய் கருகியதும் நாம் என்ன செய்வோம்? காற்று வரட்டும் என்று கதவைத் திறப்போம். புகை நேரே நடைக்குப் போகும், மொத்தக் கட்டடமும் டிசம்பர் குளிரில் பைஜாமாவோடு கீழே இறங்கி நிற்கும். என்னால் ஒருமுறை நின்றது. அந்த எட்டு மாடியும் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஜன்னலைத் திறங்கள், மேலே உள்ள ஃபேனைப் போடுங்கள், கதவை மட்டும் திறக்காதீர்கள். கருவியைப் பிளாஸ்டிக் பையால் மூடும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதற்கு ஹாலைவிட்டே அனுப்பக்கூடும்.

லேப்டாப்பில் நேரலை டிவி பார்த்தாலும் காசு கட்டி டிவி லைசன்ஸ் எடுக்க வேண்டும். பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயருக்கும் அப்படியே.

வந்து இறங்கும் நாள்: பல ஹால்களில் மெத்தை மட்டும் இருக்கும், தலையணையும் போர்வையும் இருக்காது. கைப்பையில் ஒரு சால்வையும் பெட்ஷீட்டும் வையுங்கள். அன்றைக்கே தூக்கம் வந்தாலும் பரவாயில்லை என்று அறையைப் படம் எடுத்துவிடுங்கள். மெத்தையின் இரு பக்கம், ஜன்னல் ஓரம், குளியலறைச் சுவர், கம்பளத்தில் கறை. அவர்கள் தரும் பொருள் பட்டியலில் விட்டுப்போனதை எழுதி, மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். குளிர்காலத்தில் ஈரத் துணியை ரேடியேட்டரில் போட்டு ஜன்னலையும் மூடி வைத்தால் சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். உங்களுக்கு முன்னால் இருந்தவர் அதைத்தான் செய்திருப்பார், பழி உங்கள் டெபாசிட்டில் விழும். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளிலும் அதே இடங்களை அதே வரிசையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.