டெரேனுக்கு 'துண்டம்' என்று வைக்கலாமா?

ஐயா, வணக்கம். டெரெய்னுக்கு (terrain) வைத்த 'நிலப்பரப்பு' என்ற சொல்லே நிலவியலின் டெரேனுக்கும் (terrane) போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அலாஸ்காவின் சுசிட்னா ஆற்று வடிநிலப் பாறை வரைபடம் ஒன்றின் விளக்கத்தைத் தமிழாக்க உட்கார்ந்தேன், இரண்டாம் பத்தியிலேயே 'கரடுமுரடான நிலப்பரப்பில் பல நிலப்பரப்புகள்' என்று வந்து நின்றது! டெரெய்ன் மேடுபள்ளத்தைச் சொல்வது. டெரேன் அதுவல்ல, சுற்றிலும் பிளவுகளால் வெட்டுண்டு, பக்கத்துப் பாறைக்கு இல்லாத தனி வரலாற்றோடு கிடக்கும் புவியோட்டின் ஒரு பகுதி.

டெனாலி பிளவுக்குத் தெற்கே இருக்கும் ரேங்கெலியா என்ற டெரேனையே எடுத்துக்கொள்ளுங்கள், 1977-இல் பெயரிட்டார்கள். அங்கே இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ட்ரையாசிக் கால எரிமலைப் பாறை ஆயிரக்கணக்கான மீட்டர் கனத்தில் கிடக்கிறது. இன்று பக்கத்தில் பனியாறு ஓடுகிறது, ஆனால் பாறைக்குள் பதிந்துபோன காந்தத் திசையைப் பார்த்தால் அந்தக் குழம்பு வழிந்தது நிலநடுக்கோட்டுக்கு அருகே என்கிறார்கள். பாதையே இல்லாத மலையில் ஹெலிகாப்டரில் இறங்கிப் படம் வரைகிறவர் தேடுவது இந்த வரலாறு எங்கே அறுபடுகிறது என்பதைத்தான்.

டெரேனுக்கு வேறு சொற்களையும் யோசித்தேன். 'பாறைத்திட்டு' அழகான சொல். ஆனால் ஆற்று வடிநிலத்தைப் பற்றிய கட்டுரையில் மணல்திட்டுதான் கண்முன் வரும். 'ஒட்டுநிலம்' எனக்குப் பிடித்திருந்தது, ஒட்டு மா போல. ஆனால் எங்கிருந்து வந்தது, எப்போது ஒட்டியது என்று தெரியாத நிலையிலும் அதை டெரேன் என்றுதானே சொல்கிறோம்? 'திணை' வேண்டாமே, சங்க இலக்கியத்தை இழுக்காமல் நமக்கு ஒரு சொல்லும் வராதா!

பினாங்கு சௌரஸ்தா மார்க்கெட்டில் தெங்கிரி (வஞ்சிரம்) மீனைத் துண்டம் போடுவதைப் பாருங்கள். இரு பக்கமும் வெட்டுமுகம், நடுவே அந்த மீனின் முள்ளும் தோலும் அப்படியே. அதனால்தான் 'துண்டம்' என்கிறேன். எங்கிருந்து வந்தது என்ற சந்தேகத்தில் இருப்பவற்றை 'ஐயத்துண்டம்' எனலாம். சொல் சின்னதாக ஒலிக்கிறது என்பீர்கள். கண்டம் என்றாலும் துண்டுதான் ஐயா, அதை ஆசியா அளவுக்கு வளர்த்துவிட்டோமே.

நம் மலேசியத் தீபகற்பத்தை வைத்தும் சொல்லிப் பார்த்தேன்: 'மேற்கே சிபுமாசுத் துண்டம், கிழக்கே கிழக்கு மலாயாத் துண்டம், இடையில் பெந்தோங்–ரவூப் தையல்.' இடறவில்லை. தையல் என்றது suture-ஐ, இரண்டு துண்டங்கள் ஒட்டிய கோட்டை. சிபுமாசு என்பதே சயாம், பர்மா, மலாயா, சுமத்ரா நான்கையும் வெட்டி ஒட்டிய பெயர், அது தனிக் கூத்து. மூடிப்போன கடலின் ஆழத்தில் படிந்த செர்ட் என்ற சிலிக்காப் பாறை அந்தத் தையலில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

'தையல்' சரியா, இல்லை 'பொருத்து' என்று வைக்கலாமா? அதைச் சொல்லுங்கள், வரைபடக் குறிப்பில் துண்டமும் அதுவும் சேர்ந்துதான் வரும்.