மாஸ்டர்ஸ் சேரலாமா? வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள்

கேள்வி:
அண்ணா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். யுகே வந்து ஏழு மாதம், வார்டில் பேண்ட் 5 (நர்ஸ்களின் தொடக்கச் சம்பளப் படிநிலை). எம்.எஸ்சி. நர்சிங் இடம் வாங்கித் தருகிறேன், வெள்ளிக்குள் 2000 பவுண்ட் கட்டு, முடித்தால் பேண்ட் 6 உறுதி என்கிறார் ஒரு ஏஜென்ட். ஊரில் அப்பா நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். கட்டலாமா? இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

லெஸ்டரிலிருந்து:
தங்கச்சி, முதல் வருடம் படிப்புப் பேச்சே வேண்டாம். நான் 2019 டிசம்பரில் வந்தேன், இங்கே நர்ஸாகப் பதிய எழுதும் செய்முறைத் தேர்வான ஆஸ்கியில் முதல் தடவை இரண்டு ஸ்டேஷன், அதாவது இரண்டு பகுதி, ஃபெயில். நைட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றால் விரல் மரத்துப்போகும், அறைக்கு வந்து தலையணையை நோயாளியாக வைத்து மூச்சுப்பாதையில் தொடங்கி வரிசையாகப் பரிசோதிக்கும் ஏ டு ஈ அசெஸ்மென்ட்டைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். முதலில் உடம்பும் மனசும் ஊன்றட்டும்.

கிளாஸ்கோவிலிருந்து:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்குத் தள்ளிப்போட்டால் அப்புறம் குழந்தை, வீட்டு லோன் என்று புத்தகத்தைத் தொடவே முடியாது. எட்டு வருடம் பேண்ட் 5இலேயே இருந்தேன். நான் வேலை கற்றுக்கொடுத்த பெண் எனக்கே மேலே வார்டு சிஸ்டராக வந்தாள். சேர்ந்துவிடும்மா.

பிரிஸ்டலிலிருந்து:
அதை ஏன் கேட்கிறீர்கள். ஊரில் பன்னிரண்டு வருடம் ஐ.சி.யூ., வென்டிலேட்டர் பார்த்த கை இது. இங்கே வந்ததும் நரம்பில் கானுலா ஊசி போடக்கூட மறுபடி டிரெயினிங், மறுபடி கையெழுத்து. பழைய அனுபவத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

லீட்ஸிலிருந்து:
கொஞ்சம் நில்லுங்கள், அந்தப் பெண் கேட்டது வெள்ளிக்கிழமை பணம் கட்டலாமா என்று. கட்டாதேம்மா. பேண்ட் 6 என்பது ஒரு போஸ்ட். காலியிடம் வர வேண்டும், விண்ணப்பித்து இன்டர்வியூ போக வேண்டும். டிகிரி வாங்கியதும் யாரும் ஏற்றித் தர மாட்டார்கள். நீ ஜி.என்.எம். டிப்ளமோவா, பி.எஸ்சி. டிகிரியா? எந்த விசா? இங்கிலாந்தா, ஸ்காட்லாந்தா?

கேட்டவர்:
ஜி.என்.எம். அக்கா. ஹெல்த் அண்ட் கேர் விசா. இங்கிலாந்துதான்.

லீட்ஸிலிருந்து:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இந்த விசாவில் படிக்கலாம், ஆனால் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் ஃபீஸ்தான் போடுவார்கள், அதனால் சொந்தப் பணத்தில் இறங்காதே. டிப்ளமோ என்பதால் பல இடங்களில் முதலில் டிப்ளமோவை டிகிரியாக்கும் டாப்-அப் படிப்பைக் கேட்பார்கள், அது 120 கிரெடிட் (படிப்பின் அளவை இப்படித்தான் கணக்கிடுவார்கள்). உன் ட்ரஸ்ட்டில் (உன் மருத்துவமனையை நடத்தும் அமைப்பு) நர்ஸ்களின் பயிற்சியைக் கவனிக்கும் பிராக்டிஸ் எஜுகேஷன் டீம் இருக்கும், அவர்களைப் பார். 2020இலிருந்து இங்கிலாந்தில் ஒரு நர்ஸுக்கு மூன்று வருடத்துக்கு 1000 பவுண்ட் என்று சி.பி.டி. (வேலையில் இருந்தபடியே படிக்கும் தொடர்பயிற்சி) பணம் ஒதுக்கினார்கள், இப்போது உன் ட்ரஸ்ட்டில் எவ்வளவு தருவார்கள் என்று கேள். முழு மாஸ்டர்ஸ் 180 கிரெடிட். ட்ரஸ்ட் செலவில் ஒரே ஒரு மாட்யூல் (அதில் ஒரு பாடம்) எடுத்துப் பார், உன்னால் முடிகிறதா என்று தெரிந்துவிடும். அந்த மணிநேரம், நர்ஸ் பதிவைப் புதுப்பிக்கும் ரீவேலிடேஷனுக்குக் கேட்கும் 35 மணிநேரத்திலும் சேரும். நர்ஸே மருந்து எழுதித் தரத் தகுதி தரும் வி300 பிரிஸ்கிரைபிங் படிப்பில் ஆசை இருந்தால், உன் பின் நம்பர் (நர்ஸ் பதிவு எண்) வந்து ஒரு வருடமாவது ஆக வேண்டும். ட்ரஸ்ட் பணம் தந்தால் எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் போனால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

இப்போதே அப்பாவுக்குப் போன் போட்டு நகையை வைக்க வேண்டாம் என்று சொல்.

கேட்டவர்:
பேசிவிட்டேன் அக்கா. நாளை லாங் டே (நீண்ட பகல் ஷிஃப்ட்), பிரேக்கில் எஜுகேஷன் டீமைப் பார்க்கிறேன்.