அம்மாவின் பிரஷர் மாத்திரை: கம்பம், குமுளிக்காரர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் கம்பத்துக்காரர்கள். அம்மாவுக்கு 58 வயது. விடியற்காலையில் ஜீப் ஏறி, கேரளத்திலுள்ள குமுளிக்கு அப்பால் ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்.

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிட்டுவந்தார். கணுக்கால் வீங்கியதும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். வீக்கம் அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவுதான்; மருத்துவரிடம் சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார், அல்லது வேறு மாத்திரை தந்திருப்பார். போன வாரம் பார்த்தால் 178/104! தலைவலிகூட இல்லை என்கிறார். எனக்குப் பயமே அதுதான். ஓசையில்லாமல் சிறுநீரகத்தையும் மூளையையும் பதம் பார்க்கிற நோயாயிற்றே. தூக்குவாளியில் தினமும் கருவாடு, ஊறுகாய் வேறு. (உப்பைக் குறைக்கச் சொன்னால் இரண்டு நாள் பேசமாட்டார்.)

நாளை லீவு போடவைத்து மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். அதற்குப் பிறகுதான் சிக்கல். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் நேரத்தில் அம்மா மலையில் இருப்பார். அவருக்குப் பதிலாக நான் மாத்திரை வாங்கிக்கொள்ளலாமா? குமுளிப் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாட்டு முகவரிக்காரர்களுக்கு மாதாமாதம் தருகிறார்களா? வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். மேல்கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் நல்ல கருவி எது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.