புதுப்பிப்பு: முதுமை அறிவியலின் ஆங்கிலச் சொற்கள்

முதுமை பற்றிய ஆங்கில அறிவியல் கட்டுரைகளில் வரும் சொற்கள் மனதில் நிற்கவில்லை, என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். பட்டியலை விட்டுவிட்டு ஒவ்வொரு சொல்லையும் அதன் கண்டுபிடிப்போடு சேர்த்துப் படிக்கச் சொன்னீர்கள். உண்மையிலேயே பலன் தெரிகிறது, நன்றி.

‘செனசன்ஸ்’ஸில் தொடங்கினேன். மனித செல்கள் ஆய்வகத்தில் சுமார் 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் 1961இல் காட்டினார்கள். செல் சாகவில்லை, பிரிவதை மட்டும் நிறுத்திவிடுகிறது; அந்த நிலைதான் செனசன்ஸ். ஏன் நிற்கிறது என்று கேட்டால் அடுத்த சொல் தானாக வருகிறது: ‘டெலோமியர்’, குரோமோசோமின் நுனி. ஒவ்வொரு பிரிவிலும் அது கொஞ்சம் குட்டையாகிறது. அதைத் திரும்ப நீட்டும் நொதி ‘டெலோமரேஸ்’. 2009 மருத்துவ நோபல் பரிசு பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் மூவருக்கும் கிடைத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். எவ்வளவு அழகான தொடர்ச்சி!

அப்புறம் ‘ஆட்டோஃபேஜி’. செல் தன் பழுதான பாகங்களைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்துவது. இதை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி ஓசுமிக்கு 2016 மருத்துவ நோபல்.

அடுத்து, முதுமையின் அடையாளங்களைத் தொகுத்த 2013 கட்டுரை. அதில் இருந்த ஒன்பது 2023இல் பன்னிரண்டாகிவிட்டன. சேர்ந்து படிக்க விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், வாரம் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம்.