செயலாராய்ச்சி: கழித்தல் பிழைகளை எப்படி எடுத்துக்கொள்வது?

நாலாம்வகுப்பு_டீச்சர்:
28 பிள்ளைகள். மூன்றிலக்கக் கழித்தலில் பாதிக்கு மேல் தடுமாறுகிறார்கள். "மாணவர்களின் கணிதத் திறனை மேம்படுத்துதல்" என்று செயலாராய்ச்சிக்கு, அதாவது என் வகுப்புச் சிக்கலை நானே ஆராய்ந்து சரிசெய்யும் ஆய்வுக்கு, தலைப்பு வைத்திருக்கிறேன். முன்தேர்வு, பின்தேர்வு வைத்து, இரண்டின் சராசரியையும் ஒப்பிடும் டீ-சோதனை போட்டால் போதுமா? ஒப்பிட்டுப் பார்க்க, புது முறையில் கற்பிக்காத கட்டுப்பாட்டுக் குழு வேண்டுமா?

மணிச்சட்டம்:
தலைப்பு ரொம்ப அகலம், டீச்சர். "நடுவில் பூஜ்யம் வரும் இனமாற்றக் கழித்தலில் பிழைகள்" என்ற அளவுக்குக் குறுக்குங்கள் (இனமாற்றம் என்றால் பக்கத்து இடத்திலிருந்து கடன் வாங்குவது). முன்தேர்வில் 12 கணக்கு போதும்: இனமாற்றம் இல்லாதது 4, ஒருமுறை இனமாற்றம் 4, நடுவில் பூஜ்யம் 4. மதிப்பெண்ணை விடுங்கள், தப்பான விடைதான் உங்கள் தரவு.

503 – 267 கணக்குக்கு 364 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. 146 எழுதிய பிள்ளை பூஜ்யத்தைத் தாண்டிப் போய், ஒன்றுக்கும் பத்துக்கும் நூறிலிருந்தே இரண்டு தடவை எடுத்திருக்கிறது. முதல் பிள்ளையை 52 – 27 மாதிரி ஈரிலக்கத்துக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது பிள்ளை நூறு குச்சிக் கட்டைத் தன் கையால் பத்துக் கட்டுகளாகப் பிரித்து, அதில் ஒன்றை உதிரியாக்க வேண்டும். அப்போது 503 என்பது 4 நூறு, 9 பத்து, 13 ஒன்று ஆகும். அந்த 9 எங்கிருந்து வந்தது என்று பிள்ளையே சொல்லும்வரை குச்சியை எடுத்து வைக்காதீர்கள்.

வெண்சுண்ணம்:
கட்டுப்பாட்டுக் குழு வேண்டவே வேண்டாம். பாதி வகுப்புக்குக் குச்சி கொடுக்காமல் ஒதுக்குவது நியாயமில்லை. உளவியலாளர் கர்ட் லெவின் 1946 கட்டுரையிலேயே செயலாராய்ச்சியைத் திட்டம், செயல், விளைவை அறிதல் என்று சுற்றுச்சுற்றாகப் போகும் வேலையாகத்தான் விளக்கினார். டீ-சோதனையை உங்கள் ஆய்வு வழிகாட்டி கேட்டால் போடுங்கள். ஆனால் தினமும் கழித்தல் பயிற்சி நடந்தாலே மதிப்பெண் ஏறும். ஏற்றம் குச்சியால்தான் வந்தது என்று அந்த எண் சொல்லாது. எந்தப் பிழை எத்தனை பேரிடம் இருந்தது, இப்போது எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற அட்டவணைதான் உதவும்.

பின்தேர்வில் அதே கணக்குகளைத் தராதீர்கள், விடை நினைவில் இருக்கும். வகை அதே, எண்கள் வேறு.

யாழ்_ஆசிரியர்:
இலங்கையில் இதைச் செயல்நிலை ஆய்வு என்போம். பலர் சறுக்கும் இடம் ஒன்றுதான்: முதற் சுற்றோடு "முன்னேற்றம் கண்டனர்" என்று அறிக்கையை முடித்துவிடுவார்கள். இரண்டு கிழமை முதற் சுற்று. பிறகும் 146 எழுதுகிற பிள்ளைகளைத் தனியே இருத்தி, செய்யும்போதே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதைக் குறித்துக்கொண்டு இரண்டாம் சுற்றைத் திட்டமிடுங்கள். எல்லாம் முடிந்து மூன்று கிழமை கழித்து, முன்னறிவிப்பில்லாமல் நடுவில் பூஜ்யம் வரும் கணக்கு நான்கு கொடுத்துப் பாருங்கள். பழைய பிழை திரும்பியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.