மூலக்கூறு அசைவதை எக்ஸ்ரேயில் எப்படிப் படம் எடுக்கிறார்கள்?

தலவாக்கலை_சேர்:
வணக்கம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் உயர்தர உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒளித்தொகுப்புப் பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை, "தண்ணீர் உடைந்து ஒட்சிசன் வருவதை யாராவது பார்த்திருக்கிறார்களா சேர்?" என்று கேட்டது. பெரிய எக்ஸ்ரே லேசர் வைத்துப் படம் எடுக்கிறார்கள் என்று எங்கேயோ வாசித்த ஞாபகத்தில் சொல்லிவிட்டேன். உடனே அடுத்த கேள்வி. கை முறிந்தால் ஆஸ்பத்திரியில் எடுக்கிற எக்ஸ்ரேக்கே ஆடாமல் இருக்கச் சொல்கிறார்களே, ஓடுகிற மூலக்கூறை எப்படி எடுப்பது? எனக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரி யாராவது சொல்வீர்களா?

அட்டன்_தம்பி:
சேர், நான் பேராதனையில் பௌதிகவியல் படிக்கிறேன். கமராவை விட்டுவிட்டு பிளாஷை நினைத்துப் பாருங்கள். அம்மா கொழுந்து எடுப்பதை ஒரு நாள் விடியவே கமராவில் எடுத்தேன், ஒரே பனிமூட்டம், வெளிச்சம் போதாது. முகம், படங்கு, கூடைக் கயிறு எல்லாம் தெளிவாக விழுந்தது, விரல்கள் இருந்த இடத்தில் மட்டும் பச்சைப் புகை மாதிரி ஏதோ. பிளாஷ் போட்டு எடுத்த அடுத்த படத்தில் நகத்துக்குக் கீழே காம்பு முறிகிற இடம் வரைக்கும் தெரிந்தது, இலையில் இருந்து தெறித்த துளி கூட அந்தரத்தில் நின்றது. கமரா அதேதான், வெளிச்சம் இருந்த நேரம்தான் குறைந்தது.

அணுக்கள் அசைவது ஃபெம்டோ செக்கன் கணக்கில். ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி ஆயிரமாக, இப்படி ஐந்து தடவை பிரித்தால் வருவது அது. அந்த நேரத்துக்குள் ஒளியே 0.3 மைக்ரோமீற்றர்தான் நகரும். அகமது ஸெவாயில் என்கிற இரசாயனவியலாளர் லேசர் துடிப்புகளை, அதாவது மிகக் குறுகிய லேசர் பிளாஷ்களை வைத்து இந்த வேகத்தில் நடக்கிற தாக்கங்களைப் பின்தொடர்ந்தார், 1999 இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஒளியின் அலைநீளம் அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது, அணு எந்த இடத்தில் நிற்கிறது என்று அதால் காட்ட முடியாது. எக்ஸ் கதிரின் 0.1 நனோமீற்றர் அளவான அலைநீளம்தான் அதற்குச் சரி. ஆகவே பிளாஷும் எக்ஸ் கதிராக இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் எல்.சி.எல்.எஸ். என்கிற இயந்திரம் 2009 இல் அதைச் செய்து காட்டியது. இலத்திரன்களைக் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடவிட்டு, வடக்கும் தெற்கும் மாறி மாறி அடுக்கிய காந்தங்களுக்கு நடுவில் நெளிய வைப்பார்கள், நெளிகிறபோது எக்ஸ் கதிர் வரும். ஜெர்மனியில் ஹம்பர்க் பக்கத்தில் 2017 இல் திறந்த இதே மாதிரி இயந்திரத்துக்கு 3.4 கிலோமீற்றர் நீளம்!

அப்புறம், ஒரே மூலக்கூறை விடாமல் எடுப்பதும் இல்லை. மலையில் நாற்பது பேர் கொழுந்து எடுக்கிறார்கள், கை போகிற விதம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆளுக்கு ஒரு படம், ஒவ்வொன்றும் கொஞ்சம் பிந்திய கட்டத்தில் எடுத்து வரிசையாக வைத்தால் ஒரு கை அசைகிற படம் வந்துவிடும். முதலில் ஒரு லேசர் தட்டி தாக்கத்தைத் தொடங்கிவிடும், எக்ஸ் கதிர் எவ்வளவு பிந்தி வர வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் மாற்றிக்கொண்டே போவார்கள்.

தலவாக்கலை_சேர்:
நல்லா விளங்குது தம்பி. ஆனால் அவ்வளவு உக்கிரமான கதிர் பட்டால் அந்தப் பொருள் கருகிவிடாதா?

பண்டாரவளை_அக்கா:
கருகாது சேர், வெடித்தே சிதறிவிடும். ஆனால் அணுக்கள் இடம் பெயர்வதற்குள் துடிப்பு கடந்து போயிருக்கும், படம் அதற்குள் விழுந்துவிடும். அந்த மூலக்கூறுகளை ஒழுங்காக அடுக்கிய சின்னச் சின்னப் பளிங்குகளாகத்தான் வைத்திருப்பார்கள். அடுத்த துடிப்புக்குப் புதுப் பளிங்கு வேண்டும், அதனால் நுண்ணிய பளிங்குகளை ஆயிரக்கணக்கில் வரிசையாக அனுப்புவார்கள்.

தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், பிள்ளை கேட்ட கேள்விக்கு அதுதான் முக்கியம். ஒட்சிசன் உருவாகிற கடைசிக் கட்டம் ஃபெம்டோ செக்கனில் முடிவதில்லை, மில்லிசெக்கன் அளவு எடுக்கும். அப்படியென்றால் எதற்கு இவ்வளவு குறுகிய துடிப்பு? தண்ணீரை உடைக்கிற வேலையைச் செய்வது நான்கு மங்கனீசு, ஒரு கல்சியம், ஐந்து ஒட்சிசன் அணுக்கள் சேர்ந்த ஒரு சின்னக் கொத்து. சாதாரண எக்ஸ் கதிரைக் கொஞ்ச நேரம் காட்டினாலே அந்த மங்கனீசு இலத்திரனை வாங்கி மாறிவிடும், பிறகு நாம் பார்ப்பது கெட்டுப்போன கொத்தைத்தான். அந்தக் கேடு வருவதற்கு முன்னால் எடுத்துவிடத்தான் இந்த அவசரம்.

எடுக்கிற விதமும் அழகு. பளிங்குகள் உள்ள துளிகளை ஓடுகிற பட்டியில் ஒவ்வொன்றாக வைப்பார்கள், கொழுந்து ஃபெக்டரியில் பெல்ட்டில் போகிற மாதிரி. போகிற வழியில் பச்சை லேசர் ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு. இருட்டில் இருந்த கொத்துக்கு மூன்றாவது தட்டுக்குப் பிறகுதான் ஒட்சிசன் வெளியே வரும். அந்தக் கட்டத்தைப் படிப்படியாக எடுத்த படங்கள் 2023 இல் வெளியாகின. எடுத்தது வெந்நீர் ஊற்றில் வாழ்கிற ஒரு நீலப்பச்சைப் பற்றீரியாவில், ஆனால் உங்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற தேயிலையிலும் அதே கொத்துதான்.

தலவாக்கலை_சேர்:
இரண்டு பேருக்கும் நன்றி. சனிக்கிழமை பிள்ளைகள் பத்துப் பேரை இலை கிள்ளச் சொல்லி ஆளுக்கு ஒரு படம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்க்கப் போகிறேன். தம்பி, எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்க நான் கை தட்டினால் போதுமா?

அட்டன்_தம்பி:
போதும் சேர். அந்தக் கைதட்டுத்தான் உங்கள் பச்சை லேசர். ஒவ்வொரு ஆளுக்கும் புதுசாகத் தட்டுங்கள், படத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி எடுங்கள்.