தவளைக் கருவில் ஆக்டிவின்: செல் எதை அளக்கிறது?

கேள்வி:
முதுகலை விலங்கியலில் செனோபஸ் தவளையின் கரு வளர்ச்சியைப் படித்து வருகிறேன். பிளாஸ்டுலாவின் (உள்ளே குழிவுள்ள தொடக்கநிலைக் கரு) மேல்தொப்பிச் செல்களை வெட்டியெடுத்து உப்புக் கரைசலில் விட்டால் அவை வெறும் புறத்தோலாகின்றன; ஆக்டிவின் என்னும் செய்திப் புரதத்தைச் சேர்த்தால், அதன் செறிவுக்கேற்ப வெவ்வேறு இடைப்படைத் திசுக்களாகின்றன (தசை முதலியவற்றைத் தரும் நடு அடுக்கே இடைப்படை). செல்லின் மேற்பரப்பில் அதைப் பற்றும் ஏற்பி ஒன்றேயாக இருக்க, செறிவின் ஏற்ற இறக்கத்தைச் செல் எப்படி அறிகிறது? ஏற்பிகளில் எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது என்பதையா அது கணக்கிடுகிறது?

பதில் 1:
விழுக்காட்டை அன்று, நிரம்பிய ஏற்பிகளின் எண்ணிக்கையை. டைசனும் கர்டனும் 1998-இல் கதிரியக்கம் ஏற்றிய ஆக்டிவினைக் கொண்டு இதை அளந்தார்கள். ஒரு செல்லில் உள்ள ஏறத்தாழ 5,000 ஏற்பிகளில் 100 நிரம்பினாலே பிராக்கியூரி என்னும் இடைப்படை மரபணு இயங்கத் தொடங்குகிறது. 300 நிரம்பினால் கூஸ்காய்ட் என்னும் மற்றொரு இடைப்படை மரபணு இயங்குகிறது. அந்த ஆய்வின் உண்மையான அழகு அடுத்த படியில்தான் இருக்கிறது. ஆர்.என்.ஏ. செலுத்திச் செல்லின் ஏற்பிகளைப் பெருக்கிய பிறகும், அதே எண்ணிக்கை நிரம்பியபோதே அதே மரபணு இயங்கியது. விழுக்காடுதான் அளவுகோல் என்றால், மொத்தம் கூடும்போது தேவையும் கூடியிருக்க வேண்டும்.

பதில் 2:
மேலே சொன்னதற்கு ஒரு காரணத்தையும் சேர்க்கலாம். ஆக்டிவினைப் பற்றிக்கொண்ட இரண்டாம் வகை ஏற்பி முதல் வகை ஏற்பியைத் தூண்ட, அது ஸ்மேட்2 என்னும் செய்தி கடத்தும் புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றி உட்கருவுக்குச் செல்ல வைக்கிறது. ஆகவே நிரம்பிய ஒவ்வோர் ஏற்பியும் உட்கருவில் ஸ்மேட்2-இன் அளவைக் கூட்டுகிறது. காலியாக நிற்பவை எதையும் குறைப்பதில்லை.
ஆனால் ஆக்டிவின்தான் கருவுக்குள்ளும் இந்த வேலையைச் செய்கிறது என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். அங்கே பெரும்பங்கு ஆக்டிவினுக்கு உறவான நோடல் குடும்பப் புரதங்களுடையது. ஹெம்மாட்டி-பிரிவன்லூவும் மெல்டனும் 1992-இல் உட்பகுதி துண்டிக்கப்பட்ட ஆக்டிவின் ஏற்பியைக் கருவில் செலுத்தியபோது இடைப்படை உருவாகவில்லை என்பது மெய்தான். எனினும் அந்தத் துண்டு ஏற்பி ஆக்டிவினை மட்டுமல்லாமல் உறவுப் புரதங்களின் செய்திகளையும் தடுத்துவிடுகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அதே துண்டு ஏற்பியைச் செலுத்திய மேல்தொப்பி, எந்தத் தூண்டலும் இல்லாமலே நரம்புத் திசுவானதாக 1994 ஆய்வில் படித்தேன். அதுவும் இதனால்தானா?

பதில் 2:
ஆம். தடுபட்ட உறவுப் புரதங்களுள் பி.எம்.பி.யும் (எலும்பு உருவாக்கப் புரதம்) உண்டு. மேல்தொப்பிச் செல்களைப் புறத்தோலாக்குவது பி.எம்.பி. தரும் செய்தியே, அது உள்ளே எட்டாதபோது அவை நரம்புச் செல்களாகின்றன. இயல்பான கருவில் ஸ்பீமன் ஒழுங்கமைப்பிப் பகுதி (கருவின் முதுகுப்புறத்தில் உடலமைப்பை வழிநடத்தும் இடம்) சுரக்கும் நாகின், கார்டின் என்னும் புரதங்கள், பி.எம்.பி. ஏற்பியை அடையுமுன் செல்லுக்கு வெளியிலேயே அதைப் பற்றிக்கொண்டு இதே விளைவைத் தருகின்றன.